கோபால்ட் தின்ற வெள்ளி

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

ஷ்னேபெர்க் சுரங்கத்திலிருந்து அண்ணன் ஃபைட் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில், என் கால் கட்டைவிரல் நீங்கலாக, இங்கே அனைவரும் நலம். உன் வீட்டாரும் ஆடுமாடுகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. என் மகள் பார்பராவுக்கு நீ பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளை காஸ்பர் வேண்டாம். யோசித்துத்தான் சொல்கிறேன், நான் யோசித்தால் தப்பாது. அவன் சுரங்கத்துக்குள் சீட்டி அடிக்கிறான். உள்ளே சீட்டி அடித்தால் கோபால்ட்டுக்கு ஆகாது என்று பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மலைக்குள் குடியிருக்கும் அந்தக் குட்டிச்சாத்தானுக்குக் கோபம் வந்தால் கல்லில் இருக்கும் வெள்ளியைத் தின்றுவிட்டுச் சக்கையை விட்டுவைக்கும். அதனால்தானே அந்தச் சக்கைக் கல்லையும் கோபால்ட் என்று அதன் பேரைச் சொல்லியே திட்டுகிறோம்? இவன் சீட்டி அடித்த மறுநாளே பளபளவென்று கல் வந்தது, வெள்ளிதான் என்று ஊருக்கெல்லாம் பீர் ஊற்றினேன், உலையில் போட்டால் வெள்ளியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, பூண்டு நாற்றத்தோடு புகைதான் வந்தது, உலைக்காரன் இருமி இருமி என்னைத் திட்டினான், ஆத்திரத்தில் கல்லை உதைத்தேன், கட்டைவிரல் போச்சு.

"ஏன்டா சீட்டி அடிச்சே?" என்று கேட்டால், "சந்தோஷமா இருந்துச்சு மாமா, பார்பரா சரின்னு சொல்லிட்டா"ங்கிறான். உன் அண்ணி வால்புர்காவும் அவன் பக்கம்தான். "அவன் சீட்டிக்கு வெள்ளி போச்சுன்னா, நீங்க விடற குறட்டைக்கு மலையே போயிருக்கணும்"ங்கிறாள். பார்பரா என்னோடு பேசுவதில்லை. என் சூப்பில் உப்பும் போடுவதில்லை. ஆனாலும் நான் அசையவில்லை. கல்யாணம் நின்றது நின்றதுதான். நீயே அவன் வீட்டில் பக்குவமாகச் சொல்லிவிடு.

மச்சானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத அண்ணன்
ஃபைட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு விஷயம். அந்தக் கோபால்ட் குப்பையைக் காஸ்பர் கண்ணாடி உலைக்கு அள்ளிப் போய், மணலோடு உருக்கி, நீலக் கண்ணாடியாகக் கொண்டுவந்து நிற்கிறான். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். ஹாலந்து வியாபாரி குப்பைமேட்டையே வெள்ளி விலைக்கு மேல் கேட்கிறார். மார்ட்டின் திருநாளில் கல்யாணம். வாத்துக்கறி சாப்பிட நீ வந்தே ஆக வேண்டும். இன்னொன்று. காஸ்பர் ஒருவன் அடிக்கும் சீட்டி போதாது. மச்சான் நன்றாகச் சீட்டி அடிப்பாரே, அவரை உடனே இங்கே அனுப்பி வை. காலையிலிருந்து நானும் சுரங்கத்துக்குள் நின்று முயன்று பார்க்கிறேன். முன்பல் இல்லாததால் வெறும் காற்றுதான் வருகிறது.