பெனிசிலினும் என் வீங்கிய முகமும்

அன்புள்ள மருமகளுக்கு, உன் தாய்மாமன் ஆசியுடன் எழுதுவது. என் இடது கால் கட்டைவிரல் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நோயாளிகளும் உன் கைராசியால் எழுந்து நடமாடுவார்கள்.

நான் அன்றே சொன்னேன். ஆணி குத்திய புண்ணுக்கு இந்த மாத்திரை கேட்காது என்று, டாக்டர் சீட்டு எழுதும்போதே சொன்னவன் நான். இப்போது சீழைச் சோதித்துவிட்டு அவரும் அதையே சொல்கிறார். படித்தவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

காலமெல்லாம் சுவர் எழுப்பிய கொத்தனாருக்குக் கிருமியைப் பற்றித் தெரியாதா? கிருமிக்கும் சுவர் உண்டு. பெனிசிலின் உள்ளே போனால் அந்தச் சுவரில் கலவை பிடிக்காது, வீடு பொலபொலவென்று சரியும். எனக்குக் கொடுத்த மாத்திரையோ கிருமியின் சமையலறையில் புகுந்து அடுப்பை அணைக்கிற ஆள். என் கிருமி கெட்டிக்காரக் கிருமி, அடுப்பையே மாற்றி வைத்துவிட்டது.

"பெரியவரே, பெனிசிலின் ஊசிதான் இதுக்கு நல்லா கேக்கும். உங்களுக்குத்தான் அது ஆகாதே! அடுத்த மருந்தும் கேக்கலைன்னா விரலை எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

உன் அத்தை முந்திக்கொண்டாள். "ஆகவே ஆகாதுங்க! சின்ன வயசுல போட்டு மூஞ்சி பூசணிக்காயா வீங்கி, கம்பவுண்டரே கதறியிருக்காரு."

அந்தக் கம்பவுண்டரின் அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்பிரிட் வாசனை, ஸ்டவ்வில் கொதிக்கும் கண்ணாடி ஊசிக்குழல், அது தட்டில் கிணுகிணுக்கும் சத்தம். காய்ச்சலில் நடுங்கிய என் மூக்கைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டு, கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள் என் அக்கா, உன் அம்மா. ஊசி ஏறியதும் முகம் வீங்கி, கண் இரண்டும் மூடி, கம்பவுண்டர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, தெருவே பின்னால் ஓடியது. அந்தத் தெரு அவ்வளவு நீளமில்லை என்கிறார்கள். ஓடியவர்களுக்கல்லவா தெரியும்!

விரலைப் பற்றிக் கவலைப்படாதே. சாரம் ஏறுகிற வேலை முடிந்துவிட்டது. இனி அது செருப்புக்குத்தான் தேவை. நீயும் மாப்பிள்ளையும் குறையொன்றுமின்றி வாழ்க.

என்றும் உன் மாமா.

பின்குறிப்பு: அத்தை பக்கத்திலேயே இருப்பதால் போனில் சொல்ல முடியவில்லை. அந்த ஊசி என்னைத் தொடவே இல்லை. அதைப் பார்த்ததும் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன். "அவனுக்கு இது ஆகாதுங்க, போன தடவை மூஞ்சியெல்லாம் வீங்கிடுச்சு" என்று கம்பவுண்டரிடம் அளந்துவிட்டவள் உன் அம்மா. அவள் போட்ட அஸ்திவாரத்தின்மேல் நான் மாடி கட்டினேன், அவ்வளவுதான். அவள் போனபின் இது தெரிந்தவன் நான் ஒருவனே. டாக்டரிடம் நீயே சொல்லிவிடு, அத்தையிடம் மட்டும் வேண்டாம். ஊசி போடுகிற அன்று நீயும் வந்துவிடு. கையைப் பிடித்துக்கொள்ள இப்போது ஆள் இல்லை.