நான் விற்ற மாப்பிள்ளை

என் மனைவியின் குதிரையை அவளுக்குத் தெரியாமல் விற்றவன் நான். அதோடு நிறுத்தியிருந்தால் கைத்தவறு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். குதிரை செத்துவிட்டது என்று பொய்யும் சொன்னேன். அந்தப் பொய்யால் திருச்சியில் ஒரு நல்ல குடும்பம் அரை மணி நேரம் தலையில் அடித்துக்கொண்டு அழுதது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இதை மூடிவைத்து என்ன செய்யப் போகிறேன்?

குதிரை என்றதும் நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அது சாணி போடாத குதிரை. இன்டர்நெட் விளையாட்டு ஒன்றில் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பெங்களூரில் தெருவுக்கு நாலு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே மஞ்சுளா என்ற பெண்மணி அதில் ஒன்றை நடத்திவந்தார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த என் மனைவி ரீட்டா, மகளுக்கு ஈமெயில் அனுப்பத்தான் முதலில் அங்கே போனாள். அனுப்பிவிட்டு மீதி நேரத்தில் எதையோ அழுத்தப்போய், ஒரு குதிரைக் குட்டிக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள். ஒன்று ஐந்தானது. தினமும் காலைப் பூசை முடிந்து நேரே லாயத்துக்குப் போவாள்.

விளையாட்டு இதுதான். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தெம்பு உண்டு. ஓட்டம், தாண்டல், நடை என்று எந்தப் பயிற்சி கொடுத்தாலும் தெம்பு குறையும், திறமை கூடும். தீனி போடலாம், தேய்த்துவிடலாம், தடவிக்கொடுக்கலாம். தெம்பை வீணாக்காமல் யார் அதிகத் திறமை ஏற்றுகிறார்களோ, அவர்கள் குதிரை பந்தயத்தில் ஜெயிக்கும்.

ரீட்டா முதலில் வாங்கிய குதிரை சாம்பல் நிறம். எவ்வளவு தீனி வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நாலு தடவை தடவிக்கொடுத்த பிறகுதான் வாய் வைக்குமாம். "இது என்ன குதிரையா, கல்யாண வீட்டு மாப்பிள்ளையா?" என்று கேட்டவள், அந்தப் பேரையே வைத்துவிட்டாள். மாப்பிள்ளை ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. ஆனாலும் அவளுக்கு அவன்தான் உசத்தி. "இன்னிக்கு மாப்பிள்ளை சோர்வா இருந்தாங்க" என்று அவள் சொல்லும்போது முகமே வாடியிருக்கும்.

இப்போது என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பெரிய தொழிற்சாலையில், தொழிலாளி ஒரு மரையாணியை முடுக்க எத்தனை விநாடி எடுத்துக்கொள்கிறார் என்று ஸ்டாப் வாட்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்க்கிற வேலை. முப்பது வருடம் பார்த்தேன். (கேன்டீனில் என் மேஜையில் ஒருத்தரும் உட்கார மாட்டாங்க. வடை மெல்லுறதையும் கணக்கு எடுத்துடுவானோன்னு பயம்.) ஓய்வு பெற்றதும் ஸ்டாப் வாட்சும் நானும் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் திருச்சியில் எங்கள் மருமகன் ஜேம்ஸ் புது வீடு கட்டி முடித்தார். பாதிரியார் வந்து ஆசீர்வதிக்கும் வீட்டு மந்திரிப்புக்கு ஒத்தாசை செய்ய ரீட்டா முன்னாலேயே கிளம்பினாள். நான் கடைசி நாள் வந்தால் போதும், அதுவரை குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

"ஏங்க, ஒண்ணும் பெருசா செய்ய வேணாம். தீனி போட்டு, தடவிக்கொடுத்து, தூங்க வெச்சாப் போதும். உங்க ஃபேக்டரி வேலையெல்லாம் அங்க காட்டாதீங்க."

"நான் என்ன செய்யப் போறேன்?" என்றேன். அப்போது ஸ்டாப் வாட்ச் சட்டைப் பையில் இருந்தது.

மறுநாள் மஞ்சுளாவின் கடைக்குப் போனேன். என் தொழில் விதிப்படி வேலை செய்கிறவரும் கவனிக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதனால் மவுஸை மஞ்சுளா பிடித்தார், நான் ஸ்டாப் வாட்சோடு பின்னால் நின்றேன். பார்த்த உடனேயே ரீட்டாவின் குறை எனக்குப் பிடிபட்டுவிட்டது. தடவிக்கொடுப்பதில் பாதி நேரம் போகிறது. அதனால் ஓட்டத் திறமை ஏறுகிறதா? ஏறவில்லை. தாண்டல்? அதுவும் இல்லை. தடவலை ரத்து செய்தேன். மிச்சமான நேரத்தில் எல்லாக் குதிரைக்கும் தெம்பின் கடைசிச் சொட்டு வரை ஓட்டம் கொடுத்தேன். திறமைக் கோடுகள் விறுவிறு என்று ஏறின. தூக்கு தூக்கு என்று தூக்கிவிட்டோம் என்ற பெருமிதத்தில் மஞ்சுளாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

திரையில் ஓரமாக ஒரு சின்னக் குதிரை முகம் இருக்கும். அது குதிரையின் மனநிலையாம். முதலில் சிரித்துக்கொண்டிருந்தது, அப்புறம் உதட்டைப் பிதுக்கியது, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டது. நான் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரப் பந்தயத்தில் ஐந்து குதிரைகளும் கிளம்புகிற இடத்திலேயே நின்றுவிட்டன. மற்ற நாலுமாவது கொஞ்சம் அசைந்தன. மாப்பிள்ளை படுத்தே விட்டான்.

"சார், தடவிக்கொட்ரே சரி ஆகுத்தே" என்றார் மஞ்சுளா. தடவினால் சரியாகும் என்கிறார். மாப்பிள்ளையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த குதிரைக்கு மாறலாம் என்று நினைத்தேன். இங்கேதான் என் கன்னடம் குறுக்கே வந்தது.

நான் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். முப்பது வருடம் பெங்களூரில் இருந்தும் என் கன்னடம் ஒரே சூத்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் வினைச்சொல்லின் வாலை நறுக்கிவிட்டு 'பேகு' என்று ஒட்டினால் கன்னடம்; முன்னால் 'ப' இருந்தால் அதை 'ஹ' ஆக்கிவிட வேண்டும். போகணும் என்றால் ஹோகபேகு, பாடணும் என்றால் ஹாடபேகு. பெரும்பாலும் பலிக்கும். ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்த ரீட்டா அழகாகக் கன்னடம் பேசுவாள், என் கன்னடத்தைக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அவள் இல்லாத இந்த நாட்களில் இங்கிலீஷ் கலக்காமல் சுத்தமாகப் பேசிப் பழகிவிடுவது என்று வேறு சபதம் எடுத்திருந்தேன். 'சேஞ்ச் மாடி' என்று ஆட்டோக்காரர் மாதிரி சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"ஈ குதுரே மாரபேகு" என்றேன் கம்பீரமாக. இந்தக் குதிரை மாற வேண்டும் என்ற பொருளில்.

மஞ்சுளா திரும்பிப் பார்த்தார். "மாரபேக்கா? நிஜவாக்லூ?" நிஜமாகத்தானா என்கிறார்.

"ஹௌது, ஹௌது." ஆமாம் என்றேன்.

"சார், நீங்க தமிள்லயே சொல்லி, நனகே தெரியுது."

"பேடா, பேடா. கன்னடதல்லே ஹேள்த்தினி. மாரி, பேக மாரி!" வேண்டாம், கன்னடத்திலேயே சொல்கிறேன், சீக்கிரம் மாற்றுங்கள் என்று அவசரப்படுத்தினேன்.

"ஆன்டிகே கொத்தா?" ஆன்டிக்குத் தெரியுமா என்று கேட்கிறார். லாயப் பொறுப்பு என்னிடம் இருப்பது ரீட்டாவுக்குத் தெரியாமலா? "கொத்து, கொத்து" என்றேன்.

மஞ்சுளா ஒரு பெருமூச்சு விட்டு எதையோ அழுத்தினார். மாப்பிள்ளை திரையிலிருந்து மறைந்தான். லாயத்தில் நாலு குதிரை.

"இன்னொண்ணு எங்கே?" சபதம் பறந்து தமிழ் வந்துவிட்டது.

"நீங்கதானே சார் மாரி அந்த்ரி? மாரிபிட்டே. வித்தாச்சு. தகண்டும் போய்ட்டாங்க."

கன்னடத்தில் 'மாரு' என்றால் விற்பது. அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

வாங்கியவர் எந்த நாடோ தெரியவில்லை, சந்தையில் போட்ட கையோடு கொத்திக்கொண்டு போய்விட்டார். மஞ்சுளாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆன்டி தினா அவன்கிட்ட பேசுவாங்க சார்" என்றார். திரும்ப வாங்க வழி தேடியிருக்கலாம், ரீட்டாவிடம் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் வீட்டுக்குப் போய் நன்றாக யோசித்து, இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த விளையாட்டில் குதிரைகளுக்கு வயசாகும், சாகவும் செய்யும். விற்றதாகச் சொன்னால் நான் குற்றவாளி. செத்ததாகச் சொன்னால் ஆண்டவர் சித்தம்.

மந்திரிப்புக்கு முதல் நாள் காலை திருச்சிக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஜேம்ஸின் அம்மா.

"ரீட்டா இருக்காளா சம்பந்தியம்மா?"

"கோயிலுக்குப் போயிருக்காங்க அண்ணே, சாமியாரைப் பார்த்துட்டு வர. என்ன விசயம்? வந்தாச் சொல்லிடுறேன்."

ரீட்டாவிடம் நேரடியாகப் பொய் சொல்ல வேண்டாம் என்றதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அவகிட்ட கொஞ்சம் பக்குவமாச் சொல்லுங்க. மாப்பிள்ளை தவறிட்டாங்க."



"என்ன... என்ன சொல்றீங்க? இப்பத்தானே வண்டியை எடுத்துக்கிட்டு வாழையிலை வாங்கப் போனான்!"

அவர் சொன்னது என் காதில் சரியாக விழவில்லை. நம்பும்படி இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "கொஞ்ச நாளாவே தெம்பு இல்லை. ஓட்டம் ஜாஸ்தி. படுத்தவரு எழுந்திரிக்கலை. என்ன செய்றது, விதி."

ஏதோ கீழே விழுகிற சத்தம். லைன் அறுந்தது. வேலை சுலபமாக முடிந்தது என்று நான் காபி போட்டுக் குடித்தேன்.

(நியாயமாச் சொல்றேன். வீட்டில் மருமகனை நாங்கள் ஜேம்ஸ் என்றுதான் சொல்வோம். மாப்பிள்ளை என்றாலே எனக்குச் சாம்பல் நிறத்தில் நாலு கால்தான் தெரியும்.)

திருச்சியில் நடந்ததை எனக்குப் பிறகு பலர், பல தடவை, நான் கேட்காமலேயே சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தியம்மா வீறிட்டதில் சமையல்காரர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். என் மகள் மயங்கி விழுந்தாள். யாரோ ஜேம்ஸின் செல்போனுக்கு அடித்தார்கள். அது கூடத்தில் சார்ஜ் போட்ட இடத்திலேயே அலற, அழுகை இரண்டு மடங்கானது. பந்தல்காரர் வாழைமரத்தை அவிழ்த்துவிட்டு, "எத்தனை நாற்காலி கூடப் போடணும்?" என்று விசாரித்தார். அந்த நேரம் பார்த்து இலைக்கட்டோடு ஜேம்ஸ் வந்து இறங்கினார். வாசலில் இத்தனை பேர் அழுவதைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனது என்று கேட்கவும் தைரியம் இல்லாமல், பின்வரிசையில் நின்றிருந்த பெரியப்பாவின் தோளில் சாய்ந்து அவரும் அழ ஆரம்பித்தார். பெரியப்பா, "மனசைத் தேத்திக்கப்பா" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தவர், அப்புறம்தான் குனிந்து முகத்தைப் பார்த்தார்.

கோயிலிலிருந்து திரும்பிய ரீட்டாவுக்கு விஷயத்தைக் கேட்டதும் விளங்கிவிட்டது. எனக்குப் போன் வந்தது.

"எந்த மாப்பிள்ளைங்க?"

"நம்ம மாப்பிள்ளைதான். குதிரை."

அவள் கூட்டத்தைப் பார்த்து, "குதிரைங்க, அது குதிரை" என்று சொன்னது கேட்டது. பின்னாலேயே சம்பந்தியம்மாவின் குரல்: "எம் புள்ளையை அந்த வீட்டுல குதிரைன்னா சொல்றாங்க?"

நான் போய் இறங்கியபோது மந்திரிப்புக்கு வந்தவர்கள் புது வீட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். ரீட்டாவுக்குக் கண் சிவந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் ஜேம்ஸ், "அத்தை, நம்ம புது கம்ப்யூட்டர்ல பார்ப்போம். செத்த குதிரைக்கு ஒரு கல்லறைப் பக்கம் இருக்குமாமே, பூ வைக்கலாமாம்" என்று அன்பாகக் கூப்பிட்டார். தடுக்க என்னிடம் காரணம் இல்லை. உறவினர் கூட்டமே கம்ப்யூட்டரைச் சூழ்ந்துகொண்டது.

கல்லறையில் மாப்பிள்ளை இல்லை. தேடிப் பார்த்தால் வேறொருவர் லாயத்தில் உயிரோடு நின்றிருந்தான்.

"உசுரோட இருக்கான்" என்றாள் ரீட்டா. அவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில். பிறகு என் பக்கம் திரும்பினாள். "வித்தீங்களா?"

மாரபேகு கதையைச் சொன்னேன். கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

"வித்தது தெரியாம நடந்தது, போகட்டும். நேத்து சாயங்காலம் மாதா கெபிக்குப் போய் அவனுக்காக மெழுகுவத்தி ஏத்தினேங்க. யாரும் சிரிச்சிடக் கூடாதுன்னு தனியாப் போனேன்."

அந்த ஒரு வாக்கியம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பெங்களூர் திரும்பியதும் மஞ்சுளாவின் கடையில் உட்கார்ந்து, வாங்கியவருக்கு ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். என் மனைவியின் குதிரையைத் தயவுகூர்ந்து திருப்பித் தர வேண்டும், பதிலுக்கு நான் நன்றாகப் பயிற்சி கொடுத்த நாலில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதினேன். அவர் நார்வேயில் வசிக்கும் ஒரு பாட்டியம்மாள். மரியாதையாகத்தான் பதில் போட்டிருந்தார். இந்தக் குதிரை வந்தபோது கண்ணைத் திறக்கவே இல்லை, தினமும் தடவித் தடவி இப்போதுதான் சாப்பிடுகிறான், யாரோ இவனை இயந்திரம் போல ஓட்டியிருக்கிறார்கள், அப்படிப்பட்ட வீட்டுக்கு மறுபடி அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் பயிற்சி கொடுத்த நாலும் எனக்கு வேண்டாம்.

அதைக் காட்டாமல் அழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஏற்கெனவே பட்டது போதும். ரீட்டாவைக் கூட்டிவந்து அப்படியே படிக்கச் சொன்னேன். இரண்டு முறை படித்தாள்.

"நல்ல இடத்துலதான் இருக்கான். இருக்கட்டும்."

அவளே அந்த அம்மாளுக்குப் பதில் எழுதினாள். மாப்பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்டிருக்கிறார், இவள் விளக்கியிருக்கிறாள். அப்படியானால் நாம் சம்பந்திகள்தானே என்று அடுத்த கடிதம் வந்தது. பல வருடம் கிறிஸ்மஸுக்கு நார்வேயிலிருந்து 'உங்கள் மருமகன்' என்று வாழ்த்து வந்துகொண்டிருந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போய்விட்டான் என்று ரீட்டா எல்லோரிடமும் சொல்வாள். மீதி நாலு குதிரைகளுக்கும் என்னைப் பிராயச்சித்தம் செய்ய வைத்தாள். நான் தடவிக்கொடுக்க மட்டும் செய்யலாம், பயிற்சிப் பக்கம் கை வைக்கக் கூடாது.

திருச்சியில் சம்பந்தியம்மாவின் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவரும் மன்னித்தார். ஆனால் எங்கள் குடும்பத்தில் துக்கச் செய்தி சொல்லும் உரிமையை அன்றோடு இழந்துவிட்டேன். போன வருடம் வேலூரில் என் சித்தப்பா தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். ரீட்டா குளித்துக்கொண்டிருந்ததால் வேறு வழியின்றி நானே ஜேம்ஸுக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒரு துக்கமான செய்தி. சித்தப்பா தவறிட்டாங்க" என்றேன். ஜேம்ஸ் மிகவும் பணிவாகக் கேட்டார்:

"மாமா, தப்பா நினைக்காதீங்க. சித்தப்பாவுக்குக் கால் எத்தனை?"