செக்ஷன் அக்காவின் விதைக்கடலை

ஒரே ஒரு சட்டப் பிரிவை வைத்துக்கொண்டு வாழ்க்கையையே ஓட்டிய ஆள் புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் செக்ஷன் அக்கா ஒருவர்தான்.

அரிமளத்தில் நான் வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டுக்காரர். நிலக்கடலை விவசாயி. ஏதோ விவசாயிகள் கூட்டத்தில் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் முப்பத்தொன்பதாவது பிரிவைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தன் வயலில் விளைந்த விதையை விவசாயி சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம்; அது கம்பெனி பதிவு செய்த ரகமானாலும் சரி. அன்றோடு தெருவின் நிம்மதி போயிற்று. பஸ்ஸில் மூட்டைக்கு இடம் கேட்டாலும் செக்ஷன், கல்யாணப் பந்தியில் இரண்டாவது பாயசத்துக்கும் செக்ஷன். "பகிர்ந்துக்கலாம்னு சட்டமே சொல்லுது, ஊத்துங்க" என்பார். பரிமாறுகிறவர் பயந்துபோய் வாளியையே வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு வருடம் ஆடியில் நல்ல மழை. ஊரில் விதைக்கடலைக்குத் தட்டுப்பாடு. கம்பெனி விதையை வாங்கிப் போட்டு, அதில் விளைந்ததை அக்கா எடுத்து வைத்திருந்தார். சந்தையில் மூட்டையை அவிழ்த்ததும் கூட்டம் மொய்த்தது. அப்போது பைக்கில் வந்து இறங்கிய கம்பெனி ஆள், இதை விற்றால் கேஸாகும் என்றார். வாங்கினவர்கள் கடலையைத் திரும்பக் கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் அந்தப் பட்டமே போச்சு.

அக்கா கணீரென்று செக்ஷனை ஒப்பித்தார். கம்பெனி ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூட்டையைக் காட்டினார். கம்பெனிப் பெயரும் படமும் அச்சடித்த பழைய சாக்கு.

"அதே செக்ஷன்லதான், பேர் போட்ட பையில விக்கக் கூடாதுன்னும் இருக்குங்க."

அக்கா குனிந்து சாக்கில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். விவசாயிகள் கூட்டத்தில் அந்த வரி வந்தபோது டீ குடிக்கப் போயிருந்தாராம்.

மறு நொடி சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தார். தார்ப்பாயில் கடலை மலை. வெறும் சாக்கை மடித்து கம்பெனி ஆள் கையில் கொடுத்தார்.

"ஒங்க பேரு ஒங்களுக்கு, கடலை எங்களுக்கு. இப்பச் சொல்லுங்க தம்பி."

தம்பி சிரித்துவிட்டார். போன கூட்டமும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. பை கொண்டுவராதவர்களுக்கு முந்தானை, துண்டு, டிபன் கேரியர் எல்லாம் நிரம்பின. கடைசியில் கம்பெனிக்காரரே தயங்கித் தயங்கி வந்தார். விராலிமலைப் பக்கம் அவர் அப்பாவுக்கும் விதை கிடைக்கவில்லையாம். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி, அதில் கூம்பாக அள்ளிப் போட்டார் அக்கா.

நான் மாற்றலாகி வந்து வெகு நாளாயிற்று. இங்கே நாலு தூறல் விழுந்தால் போதும், அவருக்கு போன் போட்டு அங்கே மழை உண்டா என்று கேட்டுவிடுகிறேன். எனக்கு வயலும் கிடையாது, விதைப்பும் கிடையாது. அந்தக் குரலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.