பஸ்ஸுக்கு ஆள் பிடித்தவர்

பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்கள் உலகத்தில் கோடிப் பேர் உண்டு. பஸ்ஸுக்கு ஆள் பிடிக்க ஓடிய ஒரே மனிதர் எங்கள் ஊர்க் கைகாட்டிதான். நடுரோட்டில் கையை நீட்டி மொபெட்டுகளை மறிப்பதால் வந்த பெயர்.

ஊருக்கும் ஆனைமலைக்கும் ஒரே டவுன் பஸ். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும். ஏறியதும் தலைகளை எண்ணிவிடுவேன். என் வியாதி அது. தலைகள் குறைந்துகொண்டே வந்தன. பெண்களுக்கு இலவசம் என்றான பிறகும் நிறையவில்லை. வீட்டுக்கு வீடு வண்டி, மில்லுக்கு வேன், காலேஜுக்குத் தனி பஸ். ஆளில்லை என்று பஸ் நேரத்துக்கு வராது. நேரத்துக்கு வராத பஸ்ஸை ஆளும் நம்பாது. எனக்கோ தூக்கம் போயிற்று. மனைவியைக் கால் பயிற்சிக்கு ஆனைமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இந்த வயதில் ஓட்டக் கூடாதென்று ஸ்கூட்டர் சாவியை மகன் ஒளித்துவைத்துவிட்டான்.

"ஏனுங்க அம்மணி, பின்னால சும்மாதான உக்காந்திருக்கறீங்க? எறங்கி பஸ்ஸுல வாங்க!" என்று கைகாட்டி மனைவிமாரை மொபெட்டிலிருந்து பறிப்பார். ஒருமுறை புதுப்பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மாப்பிள்ளை ஆனைமலை வரை பின்னாலேயே வந்தான்.

"நீங்க மட்டும் மொபெட்டுல போறீங்க?" என்று கேட்டேன்.

"அது எனக்குங்க. பஸ்ஸு ஊருக்குங்க."

ஆளில்லாவிட்டால் பஸ்ஸை நிறுத்துவதென்று, பயணிகளை எண்ண டிப்போவிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். கைகாட்டி விடுவாரா? ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கென்று ஊரையே திரட்டிவிட்டார். காலையில் படிக்கட்டு வரை கூட்டம். அதிகாரியே ஒற்றைக் காலில் வந்தார்.

திரும்பும்போதுதான் வினை. தேங்காய் இறக்கிய காலி டெம்போவோடு ஊருக்கே உறவுக்காரர் ஒருவர் கோயில் வாசலில் நின்றார். "வாங்க, ஊட்லயே எறக்கி உட்டுடறேன்." கூப்பிட்ட பிறகு மறுத்தால் எங்கள் பக்கம் உறவே முறிந்துபோகும். மரியாதைக்காக மொத்த ஊரும் டெம்போவில் ஏறிக்கொண்டது. பஸ்ஸில் நான், மனைவி, கைகாட்டி. அதிகாரி பேனாவைத் திறந்தார். நான் மறுபடி எண்ணினேன்; மூன்றே தலை.

கைகாட்டி அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தார். பின்வாசலில் இறங்கினார், முன்வாசலில் ஏறினார், மறுபடி டிக்கெட் எடுத்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இதே கூத்து.

"ஒரே ஆள எத்தன வாட்டிங்க எண்ணறது?" என்றார் அதிகாரி.

"டிக்கெட்டு புதுசுன்னா ஆளும் புதுசுதானுங்களே!" மூச்சு வாங்கியது கைகாட்டிக்கு.

அதிகாரி சிரித்துவிட்டார். "மூணு மாசம் பாக்கறேனுங்க. அப்பறமும் காலியா வந்தா நிறுத்திப்போடுவோம்."

மறுநாளே கைகாட்டி மொபெட்டைப் பூட்டினார். வேலை ஒன்றுமில்லாமலே தினமும் ஆனைமலை போய் வருகிறார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிலர் ஏறுகிறார்கள்.

நேற்று அவருக்குக் காய்ச்சல். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். ஒரு நிமிடம் தாமதமானாலும் கண்டக்டரோடு சண்டை பிடிக்கிற ஆள் நான்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி, வந்துருவாரு" என்றேன். வரமாட்டார் என்று தெரிந்தும்.