கரும்புகையும் கார் சாவியும்

சிவஞானத்துக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அவர் டீசல் கார் பின்னாடி விட்ட புகையவிட, அவர் மூக்கு வழியா வந்ததுதான் அதிகம். முப்பது வருஷம் சர்க்கார் பைல்ல கையெழுத்துப் போட்ட மனுஷன். அவரைப் பாத்து டெல்லி லோதி ரோடு பெட்ரோல் பங்க்ல, பொல்யூஷன் சீட்டு குடுக்கிறவன் கைய ஆட்டிட்டான். "அங்கிள்ஜி, பாஸ் நஹி ஹோகா!" பாஸ் ஆகாதாம். இது மூணாவது பங்க்.

"மெஷினக் கெடுத்து வச்சுக்கிட்டு, என் வண்டியக் குறை சொல்லுதான்ளா!" வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்தினார்.

அவர் பெஞ்சாதி ராஜம் அவரைக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டா, "மூணு மெஷினுமா கெட்டுப்போச்சு?"

அந்தக் கார் அவருக்கு மூத்த பிள்ளை மாதிரி. சாவிய அரைஞாண் கயித்துல கட்டி வச்சிருப்பார். ராஜம் லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. அது தனிக் கதை. அவ வண்டிய வளைச்சு ஒடிச்ச அழகப் பாத்து, டெஸ்ட் வச்ச ஆபீசரே எழுந்து நின்னாராம். என்ன புண்ணியம்? இவர் துண்டோட குளிக்கப் போறப்பதான் அவ சாவியக் கண்ணால பாக்க முடியும்.

முதல் ஞாயித்துக்கெழமை ஒட்டடைக் கம்பை சைலன்சருக்குள்ள விட்டுக் குடைஞ்சார். கம்பு கருத்துச்சு, பனியன் கருத்துச்சு, புகை மட்டும் வெளுக்கல. அடுத்த ஞாயிறு, கரோல்பாக்ல எவனோ வித்த நீல மருந்த டீசல்ல கலந்தார். கார் இருமுச்சு.

"எல்லாம் உன்னாலதான்! என் மங்கி குல்லாவ பாத்திரக்காரிகிட்ட போட்டு டிபன் டப்பா வாங்குனல்லா? இந்தக் குளிர்ல தலையில ஒண்ணுமில்லாம மூளை எப்படி ஓடும்?"

குல்லா ஜனவரியில காணாமப் போனது. பால் பூத்து, கோயில், மாடி வீட்டு மகாதேவன், ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் ராஜம் பேர்ல புகார் சொல்லியாச்சு.

மூணாவது ஞாயிறு அந்த மகாதேவனே இறங்கி வந்தார். "மெக்கானிக்கக் கூப்பிடுங்களேன் சார்."

"மெக்கானிக்கா? எனக்குத் தெரியாதது அவனுக்கு என்ன தெரியும்?"

"நான் பாக்கட்டுமா?"ன்னா ராஜம்.

சிவஞானத்துக்கு சிரிப்பு தாங்கல. "நீயா? நீ மட்டும் இந்தப் புகைய நிறுத்திட்டா, மகாதேவன் சார் சாட்சி, சாவி உனக்கு! அப்புறம் நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்!"

ராஜம் முந்தானைல கைய துடைச்சா. நேரா போய் பானட்டத் தூக்குனா.

"புகை பின்னாடி வருது, முன்னாடி என்னத்தத் தேடுத?"

"ஸ்டவ்வுக்குக் காத்து பத்தலேன்னா பாத்திரம் கரியாகும்லா? இது எது வழியா மூச்சு விடுது?"

காத்து உள்ள போற குழாய்ல ரெண்டு விரல விட்டு இழுத்தா. காப்பிக்கொட்டைக் கலர்ல கம்பளி வந்துச்சு. கண்ணுக்கு ஓட்டை வந்துச்சு. கடைசியா உச்சில ஒரு குஞ்சம்.

"சார், இது உங்க குல்லால்ல?"ன்னார் மகாதேவன்.

அப்பத்தான் சிவஞானத்துக்கு ஞாபகம் வந்துச்சு. பனி மூடின ஒரு நாள், வண்டிக்குச் சளி பிடிக்கக்கூடாதுன்னு அந்தக் குழாய் வாய்க்குக் குல்லா மாட்டுனவர் அவரேதான்! எடுக்க மறந்துட்டார். இன்ஜின் அதை உள்ள இழுத்துக்கிச்சு.

வண்டிய ஸ்டார்ட் பண்ணா, புகையக் காணோம். அன்னைக்கு மத்தியானமே சீட்டு கெடைச்சுது.

"ஏளா, நேரா அந்தக் குழாய்லயே கைய விட்டியே, குல்லா அங்க இருக்கறது உனக்கு எப்பத் தெரியும்?"

"மாட்டுப் பொங்கலுக்கு. டெல்லியில மாட்டுக்கு எங்க போகன்னு இன்ஜினுக்கு சந்தனம் வைக்கச் சொன்னீங்கல்லா? அப்பவே குஞ்சம் தெரிஞ்சுது. நீங்க மகாதேவன் சார்கிட்ட பாத்திரக்காரி கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"ஒரு மாசம் ஆச்சே! சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா சாவி உங்க இடுப்ப விட்டு இறங்குமா?"

செவ்வாய்க்கெழமை காலைல ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கார் கிளம்புச்சு. ஸ்டியரிங்ல ராஜம். பின்சீட்ல சிவஞானம், மடியில காலிப் பை. "பிரேக்கு! ஆட்டோ! ஏளா, ஆட்டோ!"ன்னு அலறிக்கிட்டே வந்தார்.

ராஜம் திரும்பாம, அந்தக் குல்லாவப் பின்னாடி நீட்டுனா.

"துவைச்சு வச்சிருக்கேன், போட்டுக்கோங்க. காதோட நிறுத்தாதீங்க, வாயையும் சேத்து மூடிக்கோங்க."