கீரனூரில் எனக்கு வந்த மூலம்

வாலிப வயதில் ஒருவனுக்கு மூலம் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் உட்காருவதைக்கூட நாலு பேர் நின்று கவனிப்பார்கள். எனக்கு மூலம் கிடையாது. இருந்ததே இல்லை. (சித்தப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எம் பேரப் போடாத, ஒம் மூலத்தப் போட்டுக்க” என்றார்.)

அப்போது புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் பால்வினை நோய்கள் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் நம்பிக்கை மையம் இருக்கிறது, நேராகப் போய் இலவசமாக ரத்தம் சோதித்துக்கொள்ளலாம், விவரம் வெளியே போகாது என்றார்கள். அறிகுறிகளையும் சொன்னார்கள். கூட்டம் முடிவதற்குள் அத்தனையும் எனக்கு வந்துவிட்டன. (காரணம் இல்லாமல் இல்லை. முந்தைய வருடம் ஒரு காதல் இருந்தது. மீதி உங்களுக்கு எதற்கு?) பயத்தில் சோறு இறங்கவில்லை, எடை குறைந்தது. எடை குறைவதும் அறிகுறிதானாம்.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம்; டவுனில் எந்த பெஞ்சில் உட்கார்ந்தாலும் பக்கத்தில் ஒரு மாமா இருப்பார். கீரனூர்ப் பக்கம் எங்களுக்குப் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை என்று நினைத்து திருச்சி பஸ் ஏறினேன். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி.

கீரனூர் ஆஸ்பத்திரியில் சோதனை அறை வாசலில் இன்னொரு மாஸ்க்கும் தொப்பியும் குனிந்து உட்கார்ந்திருந்தன. அவர் கையில் இருந்த வாட்ச்தான் என் கையிலும் இருந்தது. இரண்டும் என் சித்தப்பா துபாயிலிருந்து வாங்கி வந்தவை.

“நீ எங்கடா இங்கிட்டு?”

“நீங்க எங்க சித்தப்பா?”

“விசா மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னுட்டாங்கடா” என்றார். வீட்டில், விசா இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். சந்தோஷமாக வெளியே வந்தேன். அடுத்து உள்ளே போய் வந்த சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. எச்.ஐ.வி. இருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் நன்றாக இருக்கலாம், மனைவியையும் அழைத்து வாருங்கள் என்றார்களாம்.

“சித்திகிட்ட எப்புடிடா சொல்லுவேன்?”

பதில் சொல்வதற்குள், எங்கள் தெருப் பெரியம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு எதிரே வந்தார். மகளைக் கீரனூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த மகளுக்குப் பிரசவமாகியிருந்தது.

“ஏண்டா, ரெண்டு பேரும் இங்கிட்டு நிக்கிறீக? ஒடம்புக்கு என்ன?”

சித்தப்பா என் தோளில் கையைப் போட்டார்.

“இவனுக்குத்தான்க்கா. மூலம். டவுன்ல காட்ட வெக்கப்படுறான்.”

மறுக்க வாயைத் திறந்தேன். அவர் கண்களைப் பார்த்தேன்.

“ஆமா பெரியம்மா. உக்காரவே முடியல.”

பெரியம்மா கண் கலங்கி, மகளுக்கு வாங்கிய ஹார்லிக்ஸை என் கையில் கொடுத்துவிட்டார். நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. அம்மா மூலத்துக்கென்று துத்தி இலை வதக்கிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து பார்க்கச் சொன்னவர்களும் உண்டு.

அடுத்த வாரம், என் மூலத்தைக் காட்டப் போவதாகச் சொல்லிச் சித்தியையும் துணைக்கு அழைத்துப் போனோம். அந்த பெஞ்சில்தான் சித்தப்பா சொன்னார். சித்தி அழவில்லை. எழுந்து உள்ளே போய்க் கையை நீட்டினார். அந்தச் சோதனை முடிவுக்குக் காத்திருந்தபோது பயந்த அளவுக்கு என் சோதனைக்குக்கூட நான் பயந்ததில்லை. நல்லவேளை, சித்திக்கு எதுவும் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகுநாள் சித்தப்பாவிடம் பேசவில்லை. மாத்திரை வேளைக்கு மட்டும் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்.

என் கல்யாணத்தில் மணவறையில் எனக்கு மட்டும் தலையணை போட்டார்கள். ஏற்பாடு சித்தப்பா. என் மனைவிக்கு உண்மை தெரியும். அன்று அவள் சிரிக்கவில்லை.

இன்றும் மாதம் ஒருமுறை சித்தப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாத்திரை வாங்கப் போகிறேன். ஊருக்கு அது என் வைத்தியம். போன மாதமும் அம்மா வாசலில் நின்று கேட்டார்:

“இத்தன வருசமா இவனுக்கு இன்னும் கொணமாகலையா கொழுந்தனாரே?”

“இது கொணமாகாது மதினி” என்று சிரித்தார் சித்தப்பா. “மாத்திரைய விடாமப் போட்டா ஒன்னும் பண்ணாது.”

உள்ளேயிருந்து சித்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார்.