வடதுருவத்தில் காந்தம் கொஞ்சம் குறையட்டும்

கஞ்சமலை அடிவாரம், சேலம் ஜில்லா
1943, ஐப்பசி

பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் சந்தாதாரனும் விவசாயியுமான சென்னியப்பன் வணங்கி எழுதுவது. இங்கே நல்ல மழை. அங்கும் பெய்து, தாங்களும் அச்சுக்கூடத்தாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை. அதற்குத் தங்கள் பத்திரிகையே காரணம் என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சென்ற இதழில் பூமியின் காந்தத்தைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். அதன் வலிமை நம் பக்கத்தில் குறைச்சல், துருவங்களுக்குப் போகப் போக ஏறி அங்கே ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று இருந்தது. நல்ல கட்டுரை. அதை நான் மனசுக்குள் படித்திருக்க வேண்டும். சத்தம் போட்டுப் படித்துவிட்டேன். பக்கத்தில் என் சம்சாரம் ராமாத்தாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஒரே மகன் அப்புசாமி யுத்தக் கப்பலில் சேர்ந்திருக்கிறான். வடகடலுக்குப் போகிறோம், அங்கே தண்ணீரே உறைந்து கிடக்குமாம் என்று பங்குனியில் எழுதினான். அப்புறம் ஒரு வரி கூட வரவில்லை.

"ஏனுங்க, கப்பல் இரும்புதானுங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மொச்சையை அப்படியே விட்டு எழுந்தவள்தான். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை.

பூமியின் காந்தம் அற்பம் என்று காட்டுவதற்காக, அரிவாளைக் கயிற்றில் கட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். "பாரு, எந்தப் பக்கமாச்சும் இழுக்குதா?" என்றேன். கயிற்றின் முறுக்கு பிரிந்து, அரிவாள் சுற்றிச் சுற்றி, கடைசியில் மூக்கை வடக்கே நீட்டி நின்றது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே வண்டி கட்டி, ஓமலூரிலிருந்து வாத்தியார் சரவணமுத்துவை அழைத்து வந்தேன். ஊசி வடக்கைத்தான் காட்டும் என்று சொல்லி அவர் திசைகாட்டியை வாசலில் வைத்தார். அது மலையைக் காட்டியது. மலையில் இரும்புக்கல் இருப்பதால் அப்படி என்றார். பிறகு ராமாத்தாளைப் பார்த்து, "ரெட்டிப்புன்னாலும் அங்க ஒரு குண்டூசியத் தூக்கற பலங்கூட இல்லீங்கம்மா. ஊசியைத் திருப்பும், அவ்வளவுதான். துருவத்துல ஊசி தலைகுப்புற நிக்கப் பாக்கும்" என்றார். அந்தக் கடைசி உண்மையை அவர் ஓமலூரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"கப்பலத் தூக்க வேண்டாஞ் சாமி. ஊசியே தலைகுப்புற நின்னா, எம்மவனுக்கு ஊடு எந்தப் பக்கம்னு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். வாத்தியார் காப்பியைத் தொடாமல் போய்விட்டார்.

மறுநாள் நான் காட்டில் வரப்பு வேலை முடித்துத் திரும்பியபோது, வீட்டிலிருந்த இரும்பெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது. கலப்பைக் கொழு, கடப்பாரை, மண்வெட்டி, இரும்புச் சட்டி, வண்டிச் சக்கரத்துப் பட்டா எதுவும் மிச்சமில்லை. நிலம் ஈரமாயிருக்கிறது, உழக் கொழு இல்லை, பைத்தியமா உனக்கு என்று கத்திக்கொண்டே கடப்பாரையைத் தூக்கினேன். அவள் தடுக்கவில்லை.

"அந்தப் பக்கம் ரெட்டிப்பா இழுக்குதுன்னு நீங்கதானுங்க படிச்சீங்க. இந்தப் பக்கம் ஆரு இழுக்கறது?"

பத்திராதிபர் ஐயா, கடப்பாரையைத் திரும்ப வைத்தேன். உள்ளே போய் நெல்லுப் பெட்டியின் பூட்டைக் கழற்றி வந்து, அதையும் குவியலில் போட்டேன்.

ஆகவே தங்களை மன்றாடுவது ஒன்றுதான். வடதுருவத்தில் காந்தம் குறைந்துவிட்டதாக அடுத்த இதழில் போட வேண்டும். பாதியாகக் குறைத்தால் நல்லது, கால் பங்கு குறைத்தாலும் போதும். சாஸ்திரத்துக்கு ஒவ்வாவிட்டால் யுத்தம் முடிந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள். தங்கள் குழந்தைகள் கண்ணெதிரே இருந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு வளரட்டும்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்னே அப்புசாமி வந்து நின்றான். வடக்கே போகவே இல்லையாம். இத்தனை நாளும் கொச்சித் துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறான். ஊரில் பெருமையாக இருக்கட்டும் என்று வடகடல் என எழுதினானாம். அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டானாம். ராமாத்தாள் அவனை ஓர் அறை அறைந்து, சோறு போட்டு, தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனவே வடதுருவம் உள்ளபடியே இருக்கட்டும். உழலாம் என்று கொழுவை எடுக்கப் போனேன். எதிர்வீட்டுக் காளியாத்தாள் தன் வீட்டு இரும்பைக் கூடையில் சுமந்து வந்து குவியலில் கொட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன் பர்மாச் சண்டைக்குப் போனவன். பர்மாவில் காந்தம் எவ்வளவு என்று அடுத்த இதழில் தெரிவிக்கவும். எவ்வளவாயிருந்தாலும் குறைத்தே போடவும்.